கொடுவாவுக்குப் பொய்மீன்: திருகோணமலையில் லூர் வீசப் பழகுபவர்களுக்கு

திருகோணமலையில் தூண்டில் போட்டுப் பார்க்காதவர்கள் குறைவு. இறாலையோ கணவாய்த் துண்டையோ குத்தி, ஈயம் கட்டி, தங்கூசியை விரலில் பிடித்துக்கொண்டு காத்திருப்பது நமக்குச் சின்ன வயதிலேயே பழகிய வேலை. இப்போது சில வருடங்களாக, ரீல் பூட்டிய தடியும் லூர் என்னும் பிளாஸ்டிக் பொய்மீனுமாகப் பாலங்களில் நிற்கும் பொடியன்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலர் ஒரு மாதம் வீசிக் களைத்து, ‘இதுக்கெல்லாம் இங்க மீன் கொத்தாது’ என்று தடியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மீன் கொத்தும். பிழை பெரும்பாலும் லூரிலும் இல்லை, மீனிலும் இல்லை. வீசியதும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் கையில்தான் இருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் எந்த மீன், எந்த லூர் என்று பார்ப்போம்.

பெட்டியில் எழுதியிருக்கும் மீன் வேறு, நம்முடைய மீன் வேறு

லூர் பெட்டிகளில் ‘பாஸ்’, ‘பேர்ச்’ என்று எழுதியிருக்கும். பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளில் வாழும் பச்சை நிற மீன். பேர்ச் ஐரோப்பாவின் குளிர்ந்த நீரில் திரியும் வரி வரியான சின்ன மீன். இரண்டும் நம் பக்கம் கிடையாது. உலகத்தில் விற்கும் லூர்களில் பெரும்பங்கு அந்த மீன்களை மனதில் வைத்தே செய்யப்படுவதால் பெட்டியில் அவற்றின் பெயர் வருகிறது, அவ்வளவுதான்.

நமக்கு அந்த இடத்தில் இருப்பது கொடுவா. உப்புவெளி ஹோட்டல்களில் ‘சீ பாஸ்’ என்று தட்டில் வைப்பதும் இதே மீனைத்தான். பாஸைப் போலவே கொடுவாவும் ஒளிந்திருந்து பிடிக்கும் சாதி. பாலத் தூணின் நிழல், கண்டல் வேர், மூழ்கிய மரம், பாறை இடுக்கு என்று ஒரு மறைவில் அசையாமல் நின்று, முன்னால் வரும் மணலை மீனையோ இறாலையோ வாயைத் திறந்து ஒரே உறிஞ்சில் உள்ளே எடுக்கும். அந்தச் சத்தத்தை இரவில் பாலத்தடியில் கேட்டவர்களுக்குத் தெரியும், யாரோ தண்ணீருக்குள் கை தட்டியது போல இருக்கும். பாஸுக்கான 10 சென்ரிமீற்றர் லூர்கள் கொடுவாவுக்கு அப்படியே பொருந்தும். பேர்ச்சுக்கான சின்ன லூர்களை, அதாவது 5 சென்ரிமீற்றர், 5 கிராம் அளவிலானவற்றை, சின்னப் பாரைக்கும் கலவாய்க் குஞ்சுக்கும் பழக வைத்துக்கொள்ளலாம். கை பழகுவதற்கு அது நல்ல வழி.

லூர் ஏன் மீனை ஏமாற்றுகிறது

பின்லாந்தில் லோரி ரப்பாலா என்ற மீனவர் 1936இல் தக்கையைச் செதுக்கி ஒரு பொய்மீன் செய்தார். கூட்டமாகப் போகும் நூறு மீன்களை விட்டுவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடிப் போகும் ஒன்றைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்பதைப் படகில் இருந்து கவனித்தவர் அவர். சொக்லேட் சுற்றும் வெள்ளித்தாளை மேலே ஒட்டி, அந்தத் தள்ளாட்டம் வரும்வரை செதுக்கினார். இன்று கடையில் வாங்கும் மினோ வகை லூர்களுக்கு, அதாவது சின்ன மீன் வடிவில் வருபவற்றுக்கு, மூலமே அந்தத் தள்ளாட்டம்தான்.

ஆகவே லூர் வாங்கும்போது அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயன் இல்லை. காயப்பட்ட மீன் மாதிரி நடிக்கிறதா என்பதே கேள்வி. வாங்கியதும் கரையோரத்தில், கண்ணுக்குத் தெரியும் தண்ணீரில், இரண்டு முழ நூலில் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சரிந்து ஓடினால் மூக்கில் இருக்கும் கம்பி வளையத்தைக் குறடால் எதிர்ப்பக்கம் மயிரிழை அளவு வளைத்தால் நேராகும்.

நாலு லூர் போதும்

தொடங்கும்போது நாற்பது லூர் வேண்டாம். நான் அப்படி வாங்கிப் பெட்டி நிறைத்தவன். கடைசியில் கைக்கு வருவது நாலே நாலு.

ஒன்று, மிதக்கும் மினோ. 10 முதல் 12 சென்ரிமீற்றர், 15 முதல் 20 கிராம். அதன் முகவாயில் நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். தகடு சின்னதாகக் கீழ்நோக்கி நின்றால் லூர் மேலோட்டமாகவே ஓடும். நீளமாக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஆழம் போகும். நம் களப்புகளுக்கு ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் போவது போதும். இதற்கு மேல் ஆழம் போவது அடியில் சிக்கித்தான் அறும். மிதப்பதில் இன்னொரு நன்மை, வேரில் முட்டினால் நூலைத் தளர்த்திவிடலாம், தானே பின்னால் ஏறிக் கழன்றுவிடும்.

இரண்டு, றப்பர் மீன். துடுப்பு மாதிரி வால் உள்ளது, 10 சென்ரிமீற்றர். தலையில் ஈயம் வார்த்த தூண்டிலோடு வரும் அல்லது தனியாகக் கோர்க்க வேண்டும். அமைதியான களப்புக்கு 7 கிராம் தலை, பாலத்தடி நீரோட்டத்துக்கு 14 கிராம் தலை. ஒன்றை மட்டும்தான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள், விலையும் குறைவு. கோர்க்கும்போது றப்பர் நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் வளைந்தாலும் தண்ணீரில் காற்றாடி மாதிரிச் சுழலும், நூல் முறுக்கேறும், மீன் கிட்டவும் வராது. வால் மட்டும் அரைவட்டமாகக் கத்தரித்தது போல் காணாமல் போய் லூர் திரும்பி வந்தால் அது பேத்தை மீனின் வேலை. அந்த இடத்தை விட்டு ஐம்பது அடி தள்ளிப் போய்விடுங்கள், இல்லையென்றால் பைக்கற் முழுவதும் காலியாகும்.

மூன்று, பொப்பர். முகம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும், இழுத்தால் மேல்மட்டத்தில் தண்ணீரைத் துப்பும். விடியலிலும் அந்தியிலும் பாரைக்கு இதைப் போல் ஒன்று இல்லை.

நாலு, 20 முதல் 30 கிராம் உலோக லூர். கடற்கரையில் நின்று தூரம் எறிய.

கந்தளாய்க் குளம் மாதிரி நன்னீர்ப் பக்கம் போகிறவர்கள் றப்பர் தவளை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தாமரை இலை, பாசி மேலே இழுத்தால் சிக்காது, விரால் கீழே இருந்து பிளந்துகொண்டு வரும்.

நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் அளவு: அங்கே மீன் தின்னும் மணலையும் சூடையும் எத்தனை விரல் நீளம் என்று பாருங்கள், கிட்டத்தட்ட அதே நீளம் போடுங்கள். அடுத்து ஆழம். அதற்குப் பிறகு நிறம். தண்ணீர் தெளிவென்றால் வெள்ளி, மழை கழிந்து கலங்கியிருந்தால் தங்க நிறம் அல்லது மஞ்சள்பச்சை, இருட்டினால் கறுப்பு. இருட்டில் கறுப்பு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மீன் கீழே இருந்து மேலே பார்க்கிறது, வானத்தின் வெளிச்சத்தில் கறுப்பின் உருவம்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும்.

தடியும் நூலும் முடிச்சும்

ஏழடித் தடி, 10 முதல் 30 கிராம் வரை எறியக்கூடியது. 3000 அல்லது 4000 அளவு ரீல். 20 இறாத்தல் பிரேட் நூல், அதாவது பல இழை சேர்த்துப் பின்னிய நூல். இதில் சிக்கனம் செய்யலாம். ஆனால் பிரேட் முனையில் கட்டும் தடித்த தங்கூசித் துண்டில், லீடர் என்கிறார்களே அதில், சிக்கனம் வேண்டாம். 40 முதல் 60 இறாத்தல், இரண்டு கையையும் விரித்தால் வரும் ஒரு பாக நீளம்.

இதை நான் நட்டப்பட்டுப் படித்தேன். இறக்கக்கண்டிப் பாலத்தடியில் எனக்கு மாட்டிய முதல் கொடுவா, இரண்டு தரம் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. இரண்டாவது உதறலில் கை வெறுமையானது. நூல் முனையைத் தூக்கிப் பார்த்தேன், பிளேட்டால் வெட்டியது போல் சுத்தமாக இருந்தது. கொடுவாவுக்குப் பல் கூர் இல்லை, ஆனால் செவுள் மூடியின் ஓரம் கத்தி. லீடர் கட்டாமல் பிரேட்டிலேயே லூரை முடிந்திருந்தேன். அந்த மீன் வாயில் தூண்டிலோடு போனதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்தும்.

பிரேட்டையும் லீடரையும் இணைக்க டபிள் யூனி முடிச்சு பழகினால் போதும். இரண்டு நூலையும் எதிரெதிராக ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பிரேட் முனையை மடித்து ஒரு வளையம் விட்டு, அந்த வளையத்துக்குள்ளே இரண்டு நூலையும் சேர்த்து எட்டுச் சுற்று. லீடர் முனையால் அதேபோல் நாலு சுற்று. எச்சில் தொட்டு நனைத்து இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் இரண்டு முடிச்சும் வழுக்கிப்போய் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். நனைக்காமல் இழுத்தால் சூட்டில் தங்கூசி பலம் இழக்கும். லூர் கட்டும் முனையில் இறுக்கி முடியாமல் சின்ன வளைய முடிச்சாக விடுங்கள், லூர் தாராளமாக ஆடும்.

ரீலின் இறுக்கம், அதாவது டிராக், நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு. 20 இறாத்தல் நூலுக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. வீட்டில் ஒரு தராசுக் கொளுக்கியில் நூலைக் கட்டி, ரீலிலிருந்து நேராக இழுத்து, இரண்டேகால் வரும்போது நூல் வழுக்கத் தொடங்கும்படி திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்போது

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இப்படியான இடம்தான் கொடுவாவின் வீடு. குஞ்சுகள் களப்பிலும் சதுப்பிலும் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் முகத்துவாரப் பக்கம் இறங்கும். கிண்ணியாப் பாலம், இறக்கக்கண்டி, உப்பாறு, தம்பலகாமக் குடாவின் கண்டல் ஓரங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே மிதவைப் பாதையில்தான் ஏறிக் கடப்போம். இப்போது அதே நீரோட்டத்தின் நடுவில் தூண்கள். தூண் இருந்தால் நிழல், நிழல் இருந்தால் கொடுவா.

நம் பக்கம் வற்றும் பெருக்கும் சுமார் இரண்டடிதான். பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் களப்பு வாயில் அந்த இரண்டடியும் ஒரு ஒடுங்கிய இடத்தால் போய் வருவதால் நல்ல இழுவை இருக்கும். வற்றத் தொடங்கி முதல் இரண்டு மணி நேரம் எனக்குப் பிடித்த நேரம். களப்புக்குள் இருந்த இறாலும் குஞ்சு மீனும் தண்ணீரோடு வெளியே வரும், கொடுவா வாசலில் காத்து நிற்கும். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் வீசிக் கையை நோகடிக்காமல் தேநீர் குடியுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வாடைக்காற்றும், கடற்கரை சரிவராது. மழை விட்டுத் தண்ணீர் தெளியத் தொடங்கும் தை, மாசி களப்புகளுக்கு அருமையான காலம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து அடிக்கும். நிலாவெளியில் கடலைப் பார்த்து நின்றால் காற்று முதுகில், உலோக லூர் பறக்கும் தூரத்தைப் பார்த்தாலே சந்தோசமாக இருக்கும்.

போகக்கூடாத இடங்களும் உண்டு. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே மீன்பிடி தடை. உள்துறைமுகக் கரையில் பல பகுதிகள் கடற்படைக்குரியவை, கோட்டைப் பக்கம் இராணுவம் இருக்கிறது, கேட்காமல் தடியோடு போக வேண்டாம். ஆற்றோரத்திலும் குளத்தோரத்திலும் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கி வீசும் ஆசையை அங்கே விட்டுவிடுங்கள். மணல் அடியுள்ள கடலோரத்தில் இறங்கினால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். வீச்சுவலைக்காரர் ஒருவர் நின்றால் அவருக்கு முன்னால் எறியாதீர்கள். அது அவருடைய சோறு.

வீச்சும் நிறுத்தமும்

இனித்தான் முக்கியமான விசயம். இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நான் மூன்று வாரம் ஒரு கொத்தும் இல்லாமல் வீசியிருக்கிறேன். வீசுவேன், சுற்றுவேன், லூர் காலடிக்கு வரும், திரும்ப வீசுவேன். பக்கத்தில் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு முதியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

“தம்பி, அந்த மீனுக்கு என்ன அவசரம்? எங்க ஓடுது அது?”

“விளங்கேல்லை ஐயா.”

“காயப்பட்ட மீன் எண்டால் இடையில களைச்சு நிக்கும். உம்மடது நிக்கிறதே இல்லை. கொடுவா துரத்தாது தம்பி, பாத்துக்கொண்டு நிக்கும். நிப்பாட்டிப் பாரும்.”

அவர் சொன்னபடி செய்தேன். நாலாவதோ ஐந்தாவதோ வீச்சு. தூணின் நிழல் ஓரத்தில் மினோ விழுந்தது. இரண்டு சுற்று, தடி நுனியால் ஒரு தட்டு, பிறகு கையை எடுத்துவிட்டேன். நூல் தளர்ந்து தண்ணீரில் கிடந்தது. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது, தளர்ந்து கிடந்த அந்த நூல் தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. யாரோ மெதுவாக இழுப்பது போல. சுற்றி நூலைப் பதமாக்கிய நொடியில் தடி வளைந்தது.

ஆகவே முறை இதுதான். தூணுக்கோ வேருக்கோ மேல் எறியாமல், அதைத் தாண்டி ஒரு முழம் அப்பால் விழும்படி எறியுங்கள். மினோ விழுந்ததும் அலை வட்டம் ஆறும்வரை பொறுங்கள். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி அதை ஆழத்துக்குக் கொண்டுபோங்கள். தடியைத் தாழ்த்திப் பிடித்து நுனியை ஒரு சாண் தட்டுங்கள், லூர் புரண்டு வயிற்றைக் காட்டும். உடனே நிறுத்துங்கள். மூன்று எண்ணும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். மிதக்கும் மினோ மெல்ல மேலே எழும், அந்த எழுச்சியில்தான் அடி விழும். மறுபடி இரண்டு சுற்று, தட்டு, நிறுத்தம். நிழலின் விளிம்பைக் கடக்கும்போது நிறுத்தத்தை ஐந்து எண்ணிக்கை ஆக்குங்கள்.

றப்பர் மீனில் நிறுத்தம் வேறு மாதிரி. எறிந்ததும் அடியில் தட்டும்வரை இறங்க விடுங்கள், நூல் தளர்வதில் தெரியும். தடியைக் கடிகாரத்தின் பத்து மணி நிலைக்கு உயர்த்தி, பிறகு நூல் முழுதும் தளராமல் லூரோடு சேர்த்தே தடியை இறக்குங்கள். பத்துக்கு எட்டுத் தரம் அது இறங்கும்போதுதான் கொத்தும், விரலில் ‘டொக்’ என்று ஒரு சின்னத் தட்டு வரும். நூலைச் சுட்டுவிரல் நுனியில் தொட்டுக்கொண்டே இருங்கள், அந்தத் தட்டை விரல்தான் முதலில் அறியும்.

பாரைக்கு இதற்கு நேர்மாறு. பாரை துரத்தும் சாதி. பொப்பரை ‘பொளக், பொளக்’ என்று இடைவிடாமல் இழுக்கலாம், உலோக லூரை முடிந்த வேகத்தில் சுற்றலாம். பின்னால் வந்து கொத்தாமல் திரும்பினால் இன்னும் வேகம் கூட்டுங்கள். ஒரே இடத்தில் இருபது வீச்சுக்கு ஒன்றும் இல்லையென்றால் லூரை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள்.

மாட்டிய பிறகு

அடி விழுந்ததும் தடியை வானத்துக்கு வெட்டி இழுக்காதீர்கள். நூலை இறுக்கி, தடியைப் பக்கவாட்டில் உறுதியாக ஒரு இழுப்பு, போதும். முதல் பத்து விநாடி மீன் தூணுக்குத்தான் ஓடும், அப்போது விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியே எடுத்த பிறகு அவசரம் வேண்டாம். நூல் மேலே ஏறி வருவதைக் கண்டால் கொடுவா எழும்பப் போகிறது, உடனே தடி நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். இறுகிய நூலில் தலையை உதறினால்தான் லூர் தெறிக்கும்.

கரைக்கு வந்ததும் சின்ன வலைக்கூடையால் அள்ளுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். குறடு இல்லாமல் மூன்று முனைத் தூண்டிலில் கை வைக்கவே வேண்டாம். என்னோடு வந்த ஒரு நண்பரின் பெருவிரலில், மீனின் வாயில் இருந்த அதே தூண்டில் ஏறியது. மீன் துடிக்கத் துடிக்க அது இன்னும் ஆழம் போனது. முதலில் மீனை வெட்டிப் பிரித்து, நூலை அறுத்து, லூரோடேயே ஆசுபத்திரிக்குப் போனோம். தூண்டிலின் எதிர்முள் உள்ளே போய்விட்டால் இழுத்துப் பார்க்காதீர்கள், சதையைக் கிழிக்கும். வைத்தியரிடம் போய் ஏற்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு நான் மும்முனைத் தூண்டில்களை எடுத்துவிட்டு ஒற்றைத் தூண்டில் மாட்டுகிறேன், எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுகிறேன். நூல் இறுக்கமாக இருக்கும்வரை மீன் தப்பியது குறைவு. கண்ணாடியும் தொப்பியும் போடுங்கள், சிக்கிய லூர் சட்டென்று கழன்றால் நேரே முகத்துக்குத்தான் வரும்.

கொடுவா ஆணாகவே முதிர்ந்து, வளர வளரப் பெட்டையாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெட்டைகள். குழம்புக்கு இரண்டு மூன்று கிலோ மீன் தாராளம், ருசியும் அதில்தான். பெரிதை நனைந்த கையால் வயிற்றுக்கடியில் தாங்கி, நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடியுங்கள். வால் தானாக அடிக்கத் தொடங்கும்போது விடுங்கள். முழங்கையில் இருந்து கை கழன்று போவது போல் ஒரு உதை உதைத்துப் போகும். என் கைகளுக்கு அதைவிட நல்ல உணர்வு கிடைத்ததில்லை.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு முழத்தை விரல் நகத்துக்கிடையில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டித் திரும்ப முடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் லூர்களையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய துணியில் பரப்பிக் காயவிட்டுப் பெட்டியில் போடுங்கள். ஒரு ஈர லூர் போதும், ஒரே இரவில் பக்கத்தில் கிடக்கும் எல்லாத் தூண்டிலிலும் துரு ஏற்ற.